அலுவிகாரைக்குக் கடல் வந்த வழி

மாத்தளை மலைச்சரிவில் பால் வடிக்கும் ரப்பர் மரமும், வீட்டு முன்னறையில் நீல வெளிச்சம் பரப்பி நிற்கும் கடல்மீன் தொட்டியும் உடன்பிறப்புகள் என்றால் நம்பக் கடினம்தான். ஆனால் இரண்டுக்கும் தாய்வீடு ஒன்றே. அது லண்டனில் ஒரு மருத்துவர் வைத்திருந்த கண்ணாடிப் புட்டி.

நதானியேல் பாக்ஷோ வார்ட் என்ற அந்த மருத்துவருக்குச் செடிகொடிகளில் தீராத ஆசை. கரிப்புகை மண்டிய கிழக்கு லண்டனில் அவர் எதை நட்டாலும் கருகிப் போனது. 1829இல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு எப்படி வெளிவருகிறது என்று பார்க்க, அதை ஈரமண்ணோடு புட்டியில் போட்டு மூடி வைத்தார். சில நாளில் அந்த மண்ணிலிருந்து ஒரு சிறு பன்னமும் கொஞ்சம் புல்லும் தலைநீட்டின. கண்ணாடியில் படிந்த ஈரம் மறுபடி மண்ணுக்கே இறங்கியது. புகை உள்ளே வர வழியில்லை, ஆகவே செடி பிழைத்தது. பூச்சியை மறந்துவிட்டு அவர் பெட்டி செய்யத் தொடங்கினார். 1833இல் அப்படிப்பட்ட கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை அடைத்து சிட்னிக்குக் கப்பலேற்றினார். மாதக்கணக்கில் உப்புக்காற்றுக்குள் பயணம் செய்தும் அவை பச்சையாகவே போய் இறங்கின.

அதற்குப் பிறகு பேரரசின் தோட்டங்களே இந்தப் பெட்டிகளில் இடம் மாறின. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இமயமலை அடிவாரத்துக்குப் போனதும் இதில்தான். 1876இல் பிரேசில் ரப்பர் விதைகளிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த 1,919 கன்றுகள் 38 வார்ட் பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன. ஹெனரத்கொடையில் அவற்றை ஊன்றினார்கள். கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கிக் காடு கடந்து, தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மாத்தளையை ஒட்டிய அலுவிகாரையைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பால் வெட்டிய மரங்கள் அந்தப் பெட்டிக் கன்றுகளின் வழிவந்தவை.

இன்று அலுவிகாரையிலிருந்து எந்தக் கடற்கரைக்குப் போவதென்றாலும் வீதி வழியே நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். ஓலைச்சுவடியில் பௌத்த நூல்கள் எழுதப்பட்ட குகைவிகாரையால்தான் உலகம் இந்த ஊரை அறிகிறது. கடலோடு இதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றே தோன்றும். ஆனாலும் முருகைக்கல் வளரும் தொட்டி ஒன்றை இங்கே வைத்தால், அதன் பல பாகங்களுக்கு இந்தத் தீவோடு ஒரு பழைய தொடர்பு இருக்கும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மண்ணுக்குப் பதிலாகக் கடல்நீரை ஊற்றியவர்களில் முதல்வரிசையில் நிற்பவர்கள் பெண்கள். பாரிஸில் தையற்காரியாக இருந்து இளவரசியின் திருமண உடைக்குப் பூவேலை செய்த ஜான் வில்பிரே-பவர், ஓர் ஆங்கிலேய வணிகரை மணந்து சிசிலியின் மெசினாவுக்குக் குடிபோனார். ஓட்டுக்கணவாய் தன் ஓட்டைத் தானே செய்கிறதா, வேறு பிராணியிடமிருந்து திருடுகிறதா என்று அறிஞர்கள் நெடுங்காலம் அடித்துக்கொண்டிருந்தார்கள். 1832இலிருந்து கண்ணாடித் தொட்டிகளில் அதை வளர்த்துப் பார்த்த இவர், அது தானே செய்கிறது என்று காட்டினார். தையல் தெரிந்த கண்ணுக்கு, ஓட்டில் விழுந்த ஓட்டையைப் பிராணி ஒட்டுப்போட்டு அடைப்பது தெரியாமல் போகுமா?

இரண்டாமவர் அன்னா தைன். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்து மதகுரு ஒருவரின் மனைவி. 1846இல் டோர்க்கீ கடற்கரைக்குப் போனவர் அங்கே கல்முருகைகளைக் கண்டு மயங்கினார். நூலும் ஊசியும் கொண்டு அவற்றைக் கடற்பஞ்சில் தைத்து, சாடியில் கடல்நீரோடு வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். புதிய கடல்நீர் எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே திறந்த சன்னலுக்கு முன்னால் நின்று அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி ஊற்றும் வேலை வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு வந்தது. ஒவ்வொரு நாளும் அரை மணி, முக்கால் மணி நேரம். பெயர் பதியப்படாத அந்தப் பெண்தான் உலகின் முதல் தொட்டிப் பம்பு என்பேன். 2022இல் இலங்கையில் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது தொட்டி வைத்திருந்தவர்களுக்கு மிஞ்சியிருந்த வழியும் அதுதான்: சட்டியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவது. பின்னர் தைன் அம்மையார் கடற்பாசியைச் சேர்த்தார். பாசி ஒட்சிசன் தர, முருகைகள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன.

1845இல் இங்கிலாந்தில் கண்ணாடி வரி நீங்கியிருந்தது, கண்ணாடி மலிந்தது. 1850இல் ரொபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே பாத்திரத்தில் வைத்து, ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவாகும் கணக்கை விளக்கினார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்வீடு திறந்தார்கள். அதற்கு உயிரினங்களைச் சேர்த்துக் கொடுத்த பிலிப் ஹென்றி கோஸ் மறு ஆண்டே இந்தக் கலைக்கு ஒரு நூல் எழுத, வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கும் மோகம் பிடித்தது. தொட்டி செய்வோர், கடல்நீர் விற்போர், கோஸைப் பார்த்து எழுதுவோர் என்று ஒரு சந்தையே முளைத்தது. கூடையும் உளியுமாகக் கரைக்குப் போன கூட்டம் பாறைக்குழிகளைத் துடைத்து எடுத்தது. தன் நூல்களே அந்தக் கரைகளைப் பாழாக்கின என்று கோஸ் பின்னாளில் நொந்ததை அவருடைய மகன் எழுதி வைத்திருக்கிறார்.

கோஸ் செய்த இன்னொரு காரியம் செயற்கைக் கடல்நீர். சாதாரண உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைட்டு, பொட்டாசியம் குளோரைட்டு ஆகிய நான்கையும் அளந்து நன்னீரில் கரைத்தார். கடல்நீரில் சுண்ணாம்பு மிகக் கொஞ்சம்தானே என்று அதை விட்டுவிட்டார். மீனும் கடற்சாமந்தியும் அதில் பிழைத்தன. ஆனால் முருகைக்கல் தன் எலும்பைக் கட்டுவது சுண்ணாம்பால். இந்த விடுபட்ட சரக்கு ஒரு நூற்றாண்டு கழித்து ஜெர்மனியில் மறுபடி தலைகாட்டும்.

மோகம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அடங்கியது. நீர் நாறியது, மீன் செத்தது, தொட்டிகளில் பன்னம் நட்டார்கள். மீன் கழிவின் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியாக்களைச் செர்கேய் வினோகிராட்ஸ்கி பிரித்துக் காட்டியது 1890இல்தான். அதற்கு முன் தொட்டி வைத்தவர்கள் எல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தவர்கள்.

அந்தக் குளிர்நாட்டுத் தொட்டிகளில் இருந்ததெல்லாம் குளிர்கடல் உயிர்கள். வெப்பக்கடல் முருகையைத் தேடிவந்தவர்கள் இலங்கைக்கு வந்தார்கள். ஆஸ்திரியப் பிரபு ஓய்கன் ஃபொன் ரான்சொனெற் 1864-65இல் இங்கே சுழியோடு மணிக்குள் உட்கார்ந்து, கடலுக்கடியிலேயே முருகைத் தோட்டங்களை வரைந்தார். படங்கள் 1867இல் வியன்னாவில் நூலாக வந்தன. 1881இன் இறுதியில் ஜெர்மன் விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் வந்து வெலிகம ஓய்வு விடுதியை ஆய்வுகூடமாக்கிக்கொண்டார். அதே 1881இல் அவருடைய நாட்டவரான கார்ல் பிராண்ட், முருகை போன்ற பிராணிகளின் உடலுக்குள் காணும் மஞ்சள் நிறக் கலங்கள் பிராணியின் பாகமல்ல, உள்ளே குடியிருக்கும் பாசி என்று சொல்லி அவற்றுக்குப் பெயரும் வைத்தார். வெப்பக்கடல் முருகைக்கு உணவின் பெரும்பங்கு அந்தப் பாசி வெயிலில் சமைத்துக் கொடுப்பது. லண்டன் சன்னலோரத்து வெளிச்சத்தில் இந்தக் குடித்தனம் நடக்காது.

அதற்கு நெடுங்காலம் முன்பே முருகை இனத்தில் ஒன்று எதிர்த்திசையில் நம்மிடம் வந்துகொண்டிருந்தது, செத்த நிலையில். மத்தியதரைக் கடலின் சிவப்புப் பவளத்தை இத்தாலியின் லிவோர்னோவிலிருந்து யூத வணிகர்கள் சென்னைக்குக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்துக்கு மாற்றிப் போனார்கள். சென்னையில் பவளக்காரத் தெரு இன்றும் இருக்கிறது.

அதே சென்னையில், அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கார் தர்ஸ்டனின் யோசனைப்படி, 1909இல் மெரினா கரையில் கடல்மீன் காட்சிசாலை திறந்தது. இந்தியாவிலேயே முதலாவது. வாசலில் கடல், நீருக்கும் மீனுக்கும் பஞ்சமில்லை. 1942இல் ஜப்பானியக் குண்டுவீச்சுக்குப் பயந்து மூடினார்கள்.

இலங்கையில் கதை வேறு பக்கம் திரும்பியது. ஹம்பர்க் நகரத்து ஹாகன்பெக் குடும்பம் உலகெங்கும் விலங்கு விற்ற குடும்பம். அதில் ஒருவரான ஜோன் ஹாகன்பெக் தெகிவளையில் வைத்திருந்த விலங்குத் தொழுவத்தை 1936இல் அரசு எடுத்துக்கொள்ள, அது தேசிய விலங்குக் காட்சிசாலை ஆனது. அந்த 1930களில்தான் இலங்கையிலிருந்து கடல் அலங்கார மீன்கள் மிகச் சிறிய அளவில் வெளிநாடு போகத் தொடங்கின. உலகில் இந்த வணிகத்தின் தொடக்கமாகச் சொல்லப்படுவதே இலங்கைதான். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதைத் தொழிலாக வளர்த்தவர்களில் முன்னால் நிற்பவர் ரொட்னி ஜொங்க்லாஸ். பறங்கியர், விலங்கியல் படித்தவர், தெகிவளைக் காட்சிசாலையில் வேலை பார்த்தவர், மூச்சடக்கிச் சுழியோடுவதில் சூரர். 1956இல் இலங்கையில் வந்து குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குக்கும் சுழியோடி மைக் வில்சனுக்கும் கடலுக்கடியில் அவர் கூட்டாளி. கிளார்க் 1957இல் வெளியிட்ட இலங்கை முருகைப்பார்கள் பற்றிய நூலில் ஜொங்க்லாஸ் ஒரு முக்கிய பாத்திரம். மலைநாட்டு ஓடைகளிலும் அவர் மீன் தேடி அலைந்தார். நன்னீர் அயிரை இனம் ஒன்று அவர் பெயரைச் சுமக்கிறது.

இந்த வணிகத்தை ஓடவைத்தவை இரண்டு கண்டுபிடிப்புகள்: ஜெட் விமானமும் பொலித்தீன் பையும். மீனுக்கு ஓரிரு நாள் இரை கொடுக்காமல் குடலைக் காயவைப்பார்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், மீதிக்கு ஒட்சிசன். வாயை முறுக்கி இறப்பர் பட்டி போட்டு, ரெஜிபோம் பெட்டியில் அடுக்கிக் கட்டுநாயக்கவுக்கு அனுப்பினால் மறுநாள் பிராங்பேர்ட் கடைக்காரர் மேசையில் பை திறக்கும். கப்பலில் வாளிகளில் கொண்டுபோன காலத்தில் பத்துக்கு எத்தனை பிழைக்கும் என்பது அதிர்ஷ்டம்.

பிடிக்கும் முறைகள் எல்லாம் மென்மையானவை அல்ல. பிலிப்பைன்ஸில் 1960களிலிருந்து சயனைட்டு கரைத்து மீனை மயக்கினார்கள். இலங்கையில் மொக்ஸி வலை என்று ஒன்று வந்தது. ஓரத்தில் ஈயம் கட்டிய வலையை முருகைக் கொத்தின் மேல் குடைபோல இறக்கி, உள்ளே கடப்பாரையால் கொத்தை உடைத்தால், ஒளிந்திருக்கும் மீன் வலைக்குள் ஓடும். பல பத்தாண்டுகளில் வளர்ந்த கல் சில நிமிடத்தில் தூளாகும், கையில் வருவது இரண்டு மூன்று சிறு மீன். இந்த வலை இப்போது சட்டப்படி தடை. சிறு கைவலை போதும் என்று கைநேர்த்தியுள்ள சுழியோடிகளே சொல்கிறார்கள்.

மீன் போய்ச் சேர்ந்தது. முருகைக்கல் மட்டும் தொட்டியில் வாழ மறுத்தது. 1960கள் வரை ஐரோப்பியத் தொட்டிகளில் வெளுத்த எலும்புக்கல்லைத்தான் அலங்காரமாக வைத்தார்கள். அந்தப் பூட்டைத் திறந்தவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். கடலிலிருந்து உயிர்கள் ஒட்டிய கல்லை அப்படியே எடுத்து வந்து தொட்டியில் வைத்தார். காற்றுக் குமிழி, வெயில், அவ்வளவே. வடிகட்டி இல்லை. கல்லின் நுண்துளைகளில் குடியிருந்த பக்டீரியாக்களே நீரைத் துப்புரவாக்கின. 1961இல் ஓர் அமெரிக்க மீன் இதழில் அவர் இதை எழுதினார். குளிர்நாட்டில் செய்து பார்த்த பலருக்கு வரவில்லை, கொஞ்ச நாளில் அவரை மறந்தார்கள். வெப்பநாட்டுக் கரையோரத்தில் இருந்ததால் அவருக்கு எளிதாக வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்று உலகம் முழுக்க உள்ள முருகைத் தொட்டிகளின் அடிப்படை அந்த உயிர்க்கல்தான். தொட்டிக்காரர்கள் அதை லைவ் ராக் என்கிறார்கள், லீயின் பெயரை யாரும் சொல்வதில்லை.

அவர் யோசனையைக் குளிர்நாட்டுக்கு ஏற்றபடி முழுமையாக்கியது ஜெர்மனி. காற்றுக் குமிழியால் நீரை நுரைக்கச் செய்து, அழுக்கைக் கபில நிற நுரையாக மேலே தள்ளும் ஸ்கிம்மர் அங்கே 1960களில் பெருகியது. 1970களில் பேர்லினின் டீட்ரிக் ஸ்டூபரும் நண்பர்களும் உயிர்க்கல், ஸ்கிம்மர், பலத்த விளக்கு மூன்றையும் சேர்த்தார்கள். நான்காவது சரக்கைக் கொண்டுவந்தவர் பீட்டர் வில்கன்ஸ்: சுண்ணாம்புத் தண்ணீர். கோஸ் விட்டதை அவர் சேர்த்தார்.

சுண்ணாம்புத் தண்ணீர் செய்வது நம் வீட்டுப் பாட்டிமார் அறிந்த வேலை. நீற்றிய சுண்ணாம்பை நன்னீரில் கலக்கி மூடி வைத்தால் கரையாதது அடியில் தங்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். ஒரு லீற்றரில் கரைவது ஒன்றரைக் கிராம் அளவுதான். மூடியைத் திறந்து வைத்தால் வெற்றிலைச் சுண்ணாம்புச் செப்பில் படிவதுபோல மேலே ஒரு மெல்லிய ஏடு கட்டும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு சுண்ணாம்போடு சேர்ந்து திரும்பக் கல்லாகிறது. ஏட்டைக் கலைக்காமல் தெளிவை மட்டும் குழாயால் இழுத்து, இரவில் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விட வேண்டும். இரவில் பாசி உறங்க, காபனீரொட்சைட்டு கூடி நீர் அமிலப் பக்கம் சாயும். சொட்டும் சுண்ணாம்பு அதை நிமிர்த்தும், கல்சியமும் தரும். ஆவியாகிக் குறைந்த நீரையும் அதுவே ஈடுசெய்யும். ஒரேயடியாக ஊற்றிவிட்டால் தொட்டி பால்போல வெளுத்து மீன் மூச்சுத் திணறும்.

இந்த இடத்தில் கதை மாத்தளைக்கு வருகிறது. தென்மேற்குக் கரையோரத்தில் பல தலைமுறையாகச் சுண்ணாம்பு என்றால் முருகைக்கல்தான். கடலிலும் கரைநிலத்திலும் தோண்டி, தென்னஞ்சோலைகளுக்கு நடுவே சூளையில் சுட்டு, வீடு கட்டவும் வெள்ளையடிக்கவும் விற்றார்கள். தெற்கு, தென்மேற்குக் கரையின் ஒரு பகுதியில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 தொன் முருகைக்கல் சூளைக்குப் போனதாக 1984இல் கணக்கெடுத்தார்கள். பார் உடைந்த இடத்தில் அலை நிலத்தைத் தின்றது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தை 1988இல் திருத்தி, கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதைத் தடுத்தார்கள். அப்படியானால் நாட்டுக்குச் சுண்ணாம்பு எங்கிருந்து? உள்நிலத்துக் கல்லிலிருந்து. கண்டி, மாத்தளை, பதுளைப் பக்கங்களில் ஓடும் டொலமைற்றுப் பளிங்குக் கல் அதில் ஒன்று. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் பூமிக்குள் வெந்து உருமாறிய அந்தக் கல், முருகைகள் என்ற இனமே இல்லாத காலத்துக் கடல்படிவு. அலுவிகாரையைச் சுற்றிய மலைகளில் வெட்டிச் சுடும் ஒவ்வொரு மூட்டைச் சுண்ணாம்பும் தெற்குக் கரையில் ஒரு மூட்டை முருகையை விட்டுவைக்கிறது என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

ஆசைக்காகக்கூட அந்தச் சூளைச் சுண்ணாம்பைத் தொட்டியில் போட வேண்டாம். டொலமைற்றில் கல்சியத்தோடு மக்னீசியமும் கலந்திருக்கும்; வேறு அழுக்கும் இருக்கும். தொட்டிக்குச் சுத்தமான கல்சியம் ஐதரொட்சைட்டு வேண்டும்.

பேர்லினில் தொடங்கியது வேகமாகப் பரவியது. ஸ்டூபரின் தொட்டியில் வளர்ந்த கொம்பு முருகையின் துண்டுகள் நண்பர்களின் கை மாறி ஐரோப்பா, அமெரிக்கா என்று போயின. 1986இல் ஜோர்ஜ் ஸ்மிட் என்பவர் நெதர்லாந்து முறைத் தொட்டிகளை அமெரிக்கர்களுக்கு எழுதி அறிமுகம் செய்தார். அவற்றின் சொட்டு வடிகட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சாக்கடை சுத்திகரிப்பிலிருந்து வந்த யோசனை. சிலிக்கன் பசை வந்ததால் துருப்பிடிக்கும் இரும்புச் சட்டம் போனது. பொட்டலத்தில் கடலுப்பு வந்தது. தெருவிளக்குக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் செய்த ஹேலைட் விளக்கு முருகைக்கு வெயிலானது. பிறகு, 2014இல் நோபல் பரிசு பெற்ற நீல எல்.இ.டி. அந்த இடத்தைப் பிடித்தது. இன்று முன்னறையில் தெரியும் நீலம் அதுதான். அந்த ஒளியில் பச்சையும் செம்மஞ்சளுமாக மின்னும் துண்டுகளுக்கு ஆளுக்கொரு பெயர் சூட்டி விற்கும் பழக்கம் பிறந்தது. பெயர் எடுபட்டால் அதே பெயரில் வேறு துண்டை விற்பவர்களும் கிளம்பினார்கள்.

2003இல் ஐ.நா. சுற்றாடல் அமைப்பு எடுத்த கணக்குப்படி ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட கடல்மீன்கள் தொட்டிகளுக்காகக் கைமாறின. நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறப்பவை, கடல்மீன்களிலோ பெரும்பாலானவை பாரிலிருந்தே பிடிபடுபவை. அந்த ஆண்டுதான் கோமாளி மீன் ஒன்றைக் கதாநாயகனாக்கிய கார்ட்டூன் படமும் வந்து, பிள்ளைகள் எல்லாரும் அந்த மீனைக் கேட்டார்கள். நல்லவேளையாக அதைத் தொட்டியில் பெருக்கும் வித்தையை அமெரிக்காவில் மார்ட்டின் மோ 1970களிலேயே கண்டிருந்தார். தமிழ்நாட்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அதைச் செய்து காட்டின. சோடி முட்டையிடும், ஆண் மீன் காவல் காத்துச் செட்டையால் விசிறும். பொரித்த குஞ்சின் வாய்க்குள் நுழையும் அளவு சிறிய ரொட்டிபர் என்ற நுண்ணுயிரை இடைவிடாமல் வளர்த்துக் கொடுப்பதுதான் கஷ்டம்.

1998இல் இந்து சமுத்திரம் சூடேறி முருகைகள் வெளுத்தன. இக்கடுவையில் ஆழமற்ற பாரின் பெரும்பகுதி செத்தது. தொட்டிக்காரரின் கைப்பழக்கம் கடலுக்குத் திரும்பிப் போகும் காலம் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது, அதுவும் ஒரு தற்செயலால். புளோரிடாவில் கடலிலிருந்து உயிர்க்கல் எடுப்பதைத் தடுத்ததும், அலங்கார மீன் பிடித்து வாழ்ந்த கென் நெடிமையர் உரிமம் பெற்ற இடத்தில் வெறுங்கல்லைக் கடலடியில் கொட்டி அதில் உயிர் படிய விட்டார். 1990களில் அந்தக் கல்லில் மான்கொம்பு முருகை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கடலில் வளர்ந்த முருகையைத் தொடுவது அங்கே குற்றம். ஆனால் இவர் கல்லில் ஒட்டியது இவருடையது. மகளின் இளைஞர் மன்றச் செயல்திட்டத்துக்காக அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி வளர்த்தார்கள், தொட்டிக்காரர் செய்வதைப் போலவே. அந்தத் துண்டுகளிலிருந்து பெரும் நாற்றங்கால் உருவாகி, 2007இல் முருகை மீட்பு அமைப்பாகியது. இன்று உலகெங்கும் பாருக்கு நாற்று நடுகிறவர்கள் செய்வது ஏறத்தாழ அதே வேலை.

அலுவிகாரையில் தொட்டி வைப்பவருக்கு ஒரு வசதி உண்டு. கொழும்பின் வெக்கையில் நீரைக் குளிர்விக்கக் கருவி வேண்டும். இந்த மலையடிக் காற்றில், விளக்கும் பம்பும் சூடேற்றாதபடி பார்த்துக்கொண்டால், 25-26 பாகையில் வைத்திருப்பது கொழும்பைவிட எளிது. சுண்ணாம்புப் பாறை வழியே வரும் கிணற்றுநீர் வேண்டாம், ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரில் லீற்றருக்கு 35 கிராம் கடலுப்பு. முதலில் கல்லும் நீரும் மட்டும். வினோகிராட்ஸ்கியின் பக்டீரியாக்கள் குடியேற ஐந்தாறு வாரம் ஆகும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் என்று சோதனைப் புட்டி காட்டும்வரை ஒரு மீனும் வேண்டாம். அவசரப்பட்டுப் பையோடு மீனை வாங்கி வருபவர்களால்தான் இந்தக் கலைக்குக் கெட்ட பெயர். மின்வெட்டுக்குப் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

கல்முருகைகள் இலங்கையில் சட்டப் பாதுகாப்பு பெற்றவை. இந்தியாவில் 2001இலிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையிலிருந்து ஒருவர் வாளியில் கொண்டுவந்து தந்தாலும் வாங்கக் கூடாது. மீனில் பண்ணையில் பிறந்த கோமாளிச் சோடியோடு தொடங்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடைத் தொட்டியில் கருங்கோடு ஓடும் நீல மீன் ஒன்று, மற்ற மீன்களின் மேல் மேய்ந்துகொண்டு திரியும். துப்புரவு மீன். உலகச் சந்தையில் மிக அதிகம் விற்பவற்றில் அதுவும் ஒன்று. பாரில் அதற்கென்று ஓர் இடம் உண்டு. பெரிய மீன்கள் அங்கே வந்து வாயையும் செவுளையும் திறந்து நிற்க, இது ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். வீட்டுத் தொட்டியில் அதற்கு அந்தத் தீனி இல்லை, பெரும்பாலும் சில வாரங்களில் மெலிந்து சாகும். அதைப் பிடித்த இடத்தில் துப்புரவுக்கு வந்து நின்ற மீன்களுக்கும் ஆளில்லாமல் போகும். அதே வேலையைக் கொஞ்சமேனும் செய்யும் நியோன் கோபி மீனைப் பண்ணைகளில் முட்டையிலிருந்தே வளர்க்கிறார்கள். கொழும்பிலோ சென்னைக் கொளத்தூரிலோ கடைக்காரரிடம் அதைக் கேளுங்கள். இல்லையென்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள்.